எத்தனையோ பேர்

"அந்த வரி மட்டும் வேண்டாங்கறேன்..."

"எந்த வரி, எந்த வரின்னு நானும் கேட்டுக்கிட்டே..."

"தெரியாத மாதிரி பேசாதீங்க!"

"சத்தியமா தெரியலம்மா!"

தையற்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஞாயிறு ஆராதனையில் ஆரம்ப ஜெபம் இருபத்திரண்டு வருடமாக அவருடையது. மகள் போன பிறகு எட்டு மாதமாகப் போதகர் அவரை அழைக்கவில்லை. இன்றைக்கு அழைத்திருந்தார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "நேற்று இராத்திரி கண்மூடின எத்தனையோ பேர் இன்று கண் திறக்கவில்லை, ஆண்டவரே. எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஒரு சேதமுமில்லாமல் காத்தீரே..."

அவர் அதை வாராவாரம் சொல்லியிருக்கிறார். வாய்க்குத் தெரிந்திருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

"அன்னைக்கும் சொன்னீங்க. தலைவலின்னு படுத்தவ தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டுப் போனோம். நீங்க அங்க நின்னு 'எங்கள் பிள்ளைகளையும்'னீங்க. எல்லாரோடயும் சேர்ந்து நானும் ஸ்தோத்திரம்னேன். திரும்பி வந்து எழுப்பினா..."

"போதும்மா."

"அப்போ காத்தது யாரை? அந்த எத்தனையோ பேர்ல நம்ம பாப்பாவும் ஒருத்தி ஆயிட்டா. அவளைக் காட்டி, அவளை மாதிரி நாங்க போகலையேன்னு நன்றி சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"கர்த்தருக்கே மனப்பாடம் ஆயிருக்கும். உங்க நாக்கு சும்மா இருக்குமா?"

"இருக்கும்."

இருக்கவில்லை. துணி வெட்டும் மேஜைமுன் நின்று சொல்லிப் பார்த்தார். இரண்டு முறை அந்த இடம் வந்ததும் அந்த வரியும் வந்து நின்றது. மூன்றாம் முறை நாக்கைப் பல்லிடையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

கோவிலில் எல்லாரும் எழுந்து கண்ணை மூடினார்கள். அவர் ஆரம்பித்தார். குரல் நடுங்கவில்லை. "இந்த நல்ல காலை வேளைக்காக உமக்கு நன்றி, ஆண்டவரே..."

இடம் வந்தது. பல்லை இறுகக் கடித்தார். மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வரியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் சும்மா நின்றார்.

"ஸ்தோத்திரம்!" என்றது கோவில் முழுவதும், ஒரே வாயாக.

யாருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. முன் வரிசைக் கிழவர் ஒருவர் உருகிப்போய் "ஆமென், ஆமென்" என்றுகூடச் சொன்னார். அத்தனை குரலுக்கும் நடுவே ஒரு குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். கண்ணைத் திறந்தார். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி மட்டும் கண்ணை விழித்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்தியபடி நின்றாள்.

மீதி ஜெபத்தை எப்படி முடித்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"நான் சொல்லலம்மா. நீயே பார்த்தியே, வாயே திறக்கல."

"பார்த்தேன். நீங்க சொல்லல."

அவள் மகளின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். விரல் இன்னும் உதட்டின்மேல்தான் இருந்தது.

"அப்போ எதுக்குங்க நான் ஸ்தோத்திரம் சொன்னேன்?"