ராகு காலம் முடியட்டும்

அனுராதாவின் தோள்பையில் ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் கணவர் மகேஸ்வரனுக்கு அன்று முழுவதற்கும் அவ்வளவுதான். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. சனிக்கிழமை போயிருக்க வேண்டும். அதைத் திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஒரு நாளாவது நோயாளியா இல்லாம இருந்துக்கிடுதேனே" என்று அவர் கெஞ்சிய கெஞ்சலில் அவள் தலையாட்டியிருந்தாள். நண்பர் அலியிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், அலி அஸ்கரும் அவர் மனைவி நிலோஃபரும் பாய் கட்டிய வள்ளத்தோடு காத்திருந்தார்கள். அலி, மகேஸ்வரனோடு பாளையங்கோட்டையில் படித்தவர். இப்போது காயல்பட்டினத்தில் ஜவுளிக்கடை. வள்ளம் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. அது தெரியத்தான் செய்தது. பாயை விரித்ததும் அதன் கட்டை சுழன்று வந்து மகேஸ்வரனின் தொப்பியைத் தட்டிக் கடலில் போட்டது. எட்டிப் பிடிக்கப் போன அலியும் கூடவே விழுந்தார்.

"மண்டைய விட்டுட்டுத் தொப்பிய மட்டும் எடுத்திருக்கு பாத்தீரா வே?" என்றார் அலி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே. "உள்ள சரக்கு இல்லன்னு கடலுக்கே தெரிஞ்சிருக்கு."

"ஒம்மையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டுல்லா!"

கூட வந்திருந்த மகேஸ்வரனின் மகள் விஜயஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஆளில்லாத மணல்திட்டு ஒன்றில் இறங்கினார்கள். நிலோஃபர் நெய்ச்சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தாள். "புதுப் பானை, மைனி. மீன் வாடையே பட்டதில்ல" என்று அனுராதாவிடம் இரண்டு முறை சொன்னாள். மகேஸ்வரன் ஊறுகாயை வழித்துத் தின்றார். துடுப்பை மட்டையாக்கி கிரிக்கெட் ஆடினார்கள். மகள் போட்ட முதல் பந்திலேயே அவர் அவுட். இல்லவே இல்லை என்று சண்டை போட்டார். பிறகு மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்து, அலி சீவிக் கொடுத்த இளநீரை அண்ணாந்து குடித்தார். இன்னொன்றுக்கும் கை நீட்டினார். இளநீர் ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அனுராதா எழப் போனாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அலியும் நிலோஃபரும் தொழுகைப் பாய் விரித்து அஸர் தொழுதார்கள். மற்ற மூவரும் சற்றுத் தள்ளிச் சத்தம் காட்டாமல் காத்திருந்தார்கள். தொழுது முடித்ததும் அலி பாத்திரங்களை வள்ளத்தில் ஏற்றத் தொடங்கினார்.

"கெளம்புவோம்வே. தண்ணி வத்த ஆரம்பிச்சா ஆத்து வாயில மணல் தட்டிரும்."

மகேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை ஆயிட்டு. ஞாயித்துக்கிழம ராகு காலம். ஆறு மணிக்கு மேல போவோம், அலி."

முதன்முதலாக அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ராகு காலத்தில்தான். அதன் பிறகு அந்த நேரத்தில் அவர் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டுவதில்லை.

அலி தண்ணீரைப் பார்த்தார். பிறகு மடித்து வைத்த தொழுகைப் பாயைப் பார்த்தார். "எங்க தொழுகைக்கு நீங்க காத்திருந்தீங்க. ஒங்க நேரத்துக்கு நாங்க காத்திருக்க மாட்டோமா?" என்று சொல்லி, ஏற்றிய பாத்திரத்தைத் திரும்ப இறக்கினார்.

மகேஸ்வரனின் வீங்கிய கணுக்காலில் செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது. அனுராதா மணலைத் தட்டிவிடுவதுபோல் அங்கே கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"இப்பமே போயிருவோங்க."

"செத்த நேரத்துல என்ன ஆயிரப் போவுது?" என்றவர், அலி பக்கம் கண்ணைக் காட்டி அவளை முறைத்தார். சத்தியத்தை நினைவுபடுத்தும் முறைப்பு. அவள் குனிந்து அவர் செருப்பு வாரைத் தளர்த்திவிட்டாள்.

ஆறு மணிக்கு மேல் கிளம்பினார்கள். முகத்துவாரத்தில் வள்ளம் தரைதட்டியது. அலி வள்ளத்தின் பின்னால் மாட்டியிருந்த சின்ன மோட்டாரை முடுக்கினார். மணலில் அடித்து அதன் விசிறி உடைந்தது. பாய் காற்றில்லாமல் தொங்கியது. ஆறு எதிரே வேகமாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அலியும் நிலோஃபரும் விஜயஸ்ரீயும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். வள்ளம் அசையவில்லை.

"சாஞ்சு படுத்துக்கோங்கண்ணே" என்றாள் நிலோஃபர்.

"முடியல. படுத்தா அடைக்கி." மகேஸ்வரன் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்திருந்தார். நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. "அனு, ஒரு வாய் தண்ணி."

அவள் பாட்டிலைப் பைக்குள் அமுக்கினாள். "அண்ணே, நேத்து இவங்க டயாலிசிஸ் போகல" என்றாள் அலியிடம்.

அலி தள்ளுவதை நிறுத்தினார். "இத அங்கனயே சொல்லிருந்தா, எந்தக் காலமா இருந்தாலும் இவன அலாக்காத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேனே, தங்கச்சி." இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினார்.

கரையிலிருந்து இன்னொரு வள்ளம் வந்து சேர்வதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அலியின் காரில் மகேஸ்வரனைப் பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். அனுராதா ஒரு பக்கம், விஜயஸ்ரீ மறுபக்கம். குரும்பூர் தாண்டும்வரை அவர் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "பைய மூச்சு விடுங்க. இன்னா வந்துட்டு ஆஸ்பத்திரி."

ஆழ்வார்திருநகரிக்கு வரும்போது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். நெஞ்சின் கரகரப்பும் இல்லை. தலை அவள் தோளில் கனத்தது.

அனுராதா பாட்டிலைத் திறந்தாள். "என்னங்க, தண்ணி வேணுமா?"

அலி காரின் வேகத்தைக் கூட்டினார்.

"குடிங்க" என்றாள். "எல்லாத்தையும் குடிங்க."