நாணுவின் நடவு இயந்திரம்

சாம்பசிவத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு மனிதனைக் கண்டால்தான் வயிறு எரியும். அவன் வேறு யாருமில்லை, சொந்தச் சகலை நாணு.

சாம்பசிவம் பி.எஸ்ஸி. பௌதிகம், முதல் வகுப்பு. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் இருபது வருஷமாக விஞ்ஞான வாத்தியார்; ஊரில் ஒரு துண்டு வயலும் உண்டு. நாணுவோ இண்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டடித்து, பம்பாயில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டு, மாமனார் ஊரும் நிலமுமே கதி என்று வந்து சேர்ந்த ஆசாமி. ஆனால் இந்த ஊரில் விஞ்ஞானம் தெரிந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெருவில் படுத்திருக்கும் மாடுகூட நாணு வீட்டுப் பக்கம்தான் தலையைத் திருப்பும்.

எல்லாம் சித்திரை முதல் தேதி செய்த வேலை. அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் சாஸ்திரிகள் புது வருஷப் பஞ்சாங்கம் படிப்பார். எத்தனை மரக்கால் மழை, யார் ராஜா, யார் மந்திரி என்று அவர் முடித்ததும் நாணு மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். "சாஸ்திரிகள் கிரகத்தைச் சொன்னார். நான் மிஷினைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தால், பானகம் சூடாகிப் போகும் வரைக்கும் ஓயாது.

ஒரு வருஷம், சாப்பாட்டுக்குப் பதிலாக மாத்திரை வரும் என்றார். மறு வருஷம், முகம் பார்த்துப் பேசும் டெலிபோன் கும்பகோணம் வரைக்கும் வந்துவிடும் என்றார். அதற்கடுத்த வருஷம், மேகத்தில் உப்பைத் தூவி வேண்டிய வயலில் மட்டும் மழை பெய்ய வைப்பார்களாம். ஒன்றும் வரவில்லை. ஊரில் இருந்த ஒரே டெலிபோனில் குரல் கேட்பதே பெரும்பாடு. யாராவது கேட்டால், "வரும் ஓய். மாயவரம் பாசஞ்சரே லேட்டாத்தானே வரது?" என்பார். கூட்டம் கைதட்டும்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து விஜயம் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சாம்பசிவத்தின் மனைவிதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேச்சுக்கு அவள் ஒரு தடவையும் அப்படிச் சிரித்ததில்லை. நாணு சொன்னது எதுவும் பலிக்கவில்லை என்பதைவிட, பலிக்காததை யாருமே குற்றமாக நினைக்கவில்லை என்பதுதான் அவரை அரித்தது. வகுப்பில் தான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் விடுவார்களா?

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார்கள் பிறக்காத பேரன் பேரிலெல்லாம் நிலத்தை எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. நடவுக்குக் கூலியை உயர்த்தாவிட்டால் வயலில் கால் வைக்கமாட்டோம் என்று ஆட்கள் சங்கம் சொல்லிவிட்டது. மிராசுதார்களின் முகம் செத்துக் கிடந்தது. அந்தச் சித்திரையில் நாணு எழுந்து, "கவலைப்படாதேங்கோ. ஜப்பான்லேர்ந்து நடவு மிஷின் வரது. ஆடி பொறக்கறதுக்குள்ள நம்ம ஊர் வயல்ல இறங்கும்" என்றார். மண்டபமே அதிர்ந்தது.

சாம்பசிவத்துக்கும் உள்ளே சந்தோஷம் பொங்கியது. மாத்திரை வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த மிஷின் வராவிட்டால் குறுவைச் சாகுபடியே போகும். குறுவை போனால் யார் சிரிப்பார்கள்? அகப்பட்டுக்கொண்டான் நாணு!

மேட்டூர் அணையைத் திறந்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாற்றும் வளர்ந்தது. மிராசுதார்கள் மிஷின் வரும் என்று சாக்குச் சொல்லிக் கூலியை இழுத்தடித்தார்கள். ஒரு நாள் காலையில் சங்கத்துத் தலைவர் வைரக்கண்ணு சாம்பசிவத்தைத் தேடி வந்தார்.

"வாத்தியாரய்யா, உங்க நாத்துக்கு இன்னைக்கு இருபத்திரண்டு நாளு. இன்னும் நாலஞ்சு நாள் விட்டா கணு விட்டுடும், அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும். கேட்ட கூலிக்கு நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே இறங்கிடுறோம். உங்களப் பாத்து மத்தவங்களும் வழிக்கு வருவாங்க."

கேட்ட கூலி நியாயம்தான். சாம்பசிவத்துக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியது. மற்றவர்களும் வழிக்கு வந்தால் ஊரே நட்டுவிடும். நட்டுவிட்டால் மிஷின் மறந்துபோகும். சித்திரை பிறந்ததும் நாணு மறுபடி மேல்துண்டை உதறுவான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்களே, அந்த ஜாதி யோசனை அவருக்கு அப்போது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

"மிஷின் வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

படியிறங்கப் போன வைரக்கண்ணு திரும்பினார். "நீங்க படிச்சவங்க. நீங்களுமா அத நம்புறீங்க?"

சாம்பசிவம் எழுந்து உள்ளே போய்விட்டார். தான் வரும்வரை நாற்றைத் தொடக்கூடாது என்று காரியக்காரர் மருதையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, விஞ்ஞான ஆசிரியர்களுக்கான பத்து நாள் பயிற்சிக்குத் தஞ்சாவூர் போனார். அங்கே பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. முற்றிப்போன நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரார் நாணு வீட்டு வாசலில் நிற்கிற காட்சிதான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கினவர் அப்படியே நின்றார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நட்ட பயிர் தலை நிமிர்ந்து நின்றது. நடுவில் ஒரே ஒரு வயல் மட்டும் வெறும் தண்ணீரும் கொக்குமாகக் கிடந்தது. அது அவருடையது.

மருதையன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "நீங்க போன மறுநாளே நாணு ஐயாதாங்க மொதல்ல கூலிக்கு ஒத்துக்கிட்டாரு. 'மிஷின் அடுத்த வருஷம் வரும், நாத்து காத்திருக்குமா'ன்னாரு. அவரு நட்டதும் எல்லாரும் நட்டுட்டாங்க. நான் வந்து கேக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்க தொடக்கூடாதுன்னீங்க."

தெருவுக்குள் நுழைவதற்குள் ஐந்து பேர் அவரை விசாரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் துஷ்டி கேட்கிற குரலில் கேட்டார்கள். "நாங்கல்லாம் சும்மா கைதட்டினோம் சார். நீங்க நிஜமாவே நம்பிட்டீங்களே" என்றார் டீக்கடைக்காரர். பொய் பொய் என்று மனசுக்குள் பன்னிரண்டு வருஷம் கருவிக்கொண்டிருந்த மனிதருக்கு, ஊரில் நாணுவை நம்பிய ஒரே பக்தன் என்று பெயர் கிடைத்துவிட்டது.

அவர் வயல் வரப்புக்குப் போனபோது நாணுவும் வைரக்கண்ணுவும் விஜயமும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். நாணுவின் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நான் ஏதோ ஊர் சிரிக்கட்டும்னு சொல்றவன். என் பேச்சை நானே நம்பமாட்டேன். யாராவது ஏமாந்துட்டா என்ன பண்றதுன்னு பத்து நாள் தள்ளி இன்னொரு நாத்தங்கால் விட்டு வெச்சிருந்தேன். சரியான பருவத்துல நிக்கறது. எடுத்துக்கோங்கோ. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. என்னை நிஜமாவே நம்பினேளா?"

விஜயம் அவர் முகத்தையே பார்த்தாள். இல்லை என்றால், பின் ஏன் நடவில்லை என்று அவள் கேட்பாள். நாணுவைத் தலைகுனிய வைக்கத்தான் என்று அவளிடம் சொல்லமுடியுமா?

"நம்பினேன்" என்றார் சாம்பசிவம்.

நாணு அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைரக்கண்ணு குரல் கொடுக்க, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாணுவின் நாற்றோடு வயலில் இறங்கினார்கள். முதல் நாற்று சேற்றில் ஊன்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சாம்பசிவத்துக்கு வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. பாவி, நல்லவனாகவும் வேறு இருந்து தொலைக்கிறானே!