வியன்னா வரை உழக்கியது

மகள் மீனாம்பிகையின் கசெற் யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு வந்துசேர இரண்டரை மாதம் எடுத்தது. ஜேர்மனியிலிருந்து கொழும்புக்கு ஒருவர் கொண்டுவந்து, அங்கிருந்து இன்னொருவர் பால்மாப் பைக்குள் வைத்து, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, ஒருமாதிரி வந்துவிட்டது. மகளும் மருமகனும் ஆடி லீவில் ஸ்ருட்கார்ட்டிலிருந்து தங்கள் காரில் புறப்பட்டு ஒஸ்ட்ரியா, ஹங்கேரி என்று ஐந்து நாள் சுற்றியிருந்தார்கள். போகிற வழியெல்லாம் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். பிள்ளைகள் பெற்றோல் அடித்து ஓடிய தூரத்தைப் பெற்றவர்கள் சைக்கிள் உழக்கித்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற தபாலதிபர் பஞ்சலிங்கம் எதையும் முறையாகச் செய்கிறவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சைக்கிளை விறாந்தையில் ஸ்டாண்டில் நிறுத்தினார். பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடரில் கொழுவினார். ஹாண்டிலில் பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்துக் கட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஐரோப்பாவை அவரே கூட்டிக்கொண்டு போகிறார் என்ற தோரணை முகத்தில் இருந்தது.

மனைவி செல்வநாயகி ரெக்கோடருக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஆல்ப்ஸ் மலையும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். மருமகன் மகளோடு எப்படிக் கதைக்கிறான் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வைத்துப் பக்கத்து வீட்டு நல்லம்மா காதுக்குள் சொன்னாள். நல்லம்மாவின் மகனும் ஜேர்மனியில்தான். "உங்கடை மருமகன் முன்கோபியாம். கை நீட்டுற ஆளாம் எண்டு மகன் எழுதியிருக்கிறான். நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." நல்லம்மா தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். செல்வநாயகிக்கு அன்றைக்குப் போன நித்திரை இன்னும் திரும்பவில்லை.

மருமகன் சிவசுப்பிரமணியத்தை அவர்கள் நேரில் கண்டதேயில்லை. ஒரு படமும் ஒரு சாதகமும் வந்தன. "கொஞ்சம் விசாரிப்பம்" என்று செல்வநாயகி சொன்னாள். "விசாரிக்க ஆர் ஜேர்மனிக்குப் போறது?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சலிங்கம் கலியாணத்தை முற்றாக்கினார். பெட்டையை ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போனான். கலியாணம் நடந்தது கடிதத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதம் எல்லாவற்றிலும் "நாங்கள் நல்ல சுகம்" என்றுதான் இருந்தது. கடிதத்தில் வேறென்ன எழுதுவார்கள்? நல்லம்மா சொன்னதைப் புருஷனிடம் சொன்னால் ஒன்றில் கத்துவார், அல்லது உடைந்துபோவார். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

சில்லு சுழன்றது. மீனாவின் குரல் முதலில் ஆம்பிளைக் குரல் போலத் தடித்து வந்து, பஞ்சலிங்கம் வேகம் பிடித்ததும் மீனாவின் குரலாயிற்று.

"அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நாங்கள் நல்ல சுகம். நீங்களும் அப்பிடி இருக்கக் கடவுளை வேண்டுறம்."

கசெற்றிலும் கடிதம்தான். செல்வநாயகிக்கு எரிச்சல் வந்தது.

மருமகன் பேசினான். "மாமா, மாமி, வணக்கம். நாங்கள் இப்ப சால்ஸ்பேர்க் தாண்டிப் போறம். ரோட்டு நல்லது. மழை இல்லை." வானிலை அறிக்கை வாசிக்கிறவன் மாதிரி அதோடு நிறுத்திவிட்டான்.

"இஞ்சருங்கோ, நீங்கள் இன்னும் கொஞ்சம் கதையுங்கோவன்" என்றாள் மீனா.

"இல்லை, நீர் கதையும்."

அந்த 'நீங்கள்' மரியாதையா, பயமா? செல்வநாயகி காதைக் கிட்டக் கொண்டுபோனாள். காரின் இரைச்சல்தான் கேட்டது. பஞ்சலிங்கமோ அட்லஸில் விரலை வைத்து, "சால்ஸ்பேர்க். இஞ்சை கிடக்கு. இனி லின்ஸ், பிறகு வியன்னா" என்று மூச்சிரைக்க அறிவித்துக்கொண்டிருந்தார்.

வியன்னாவில் அரண்மனை பார்த்தார்கள். டோனாவ் ஆற்றைப் பார்த்தார்கள். தொண்டைமானாற்றைவிடப் பெரிசு என்று மீனா சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் காருக்குள்ளிருந்தே முடித்தாள். "அடுத்த கசெற்றிலை மிச்சம் சொல்லுறன். இப்படிக்கு, அன்பு மகள் மீனாம்பிகை." கையெழுத்து வைக்காத குறைதான்.

பஞ்சலிங்கம் காலை எடுக்கப்போன நேரம் உள்ளே இன்னும் சத்தம் வந்தது. ரோட்டு இரைச்சல், காகிதம் மடிகிற சத்தம். பெட்டை கடிதத்தை முடித்தாளே தவிர மெஷினை நிறுத்த மறந்துவிட்டாள். பஞ்சலிங்கம் தொடர்ந்து உழக்கினார். கொஞ்ச நேரத்தில் மீனா கத்தினாள். இது வேறு மீனா.

"புடாபெஸ்ட் எண்டு இவ்வளவு பெரிய போர்டு. திரும்பும் எண்டு ரெண்டு தரம் சொன்னனான். உமக்குக் காது எங்கை கிடக்கு? பாட்டுப் பெட்டியை நோண்டாமல் நீர் ரோட்டைப் பாத்து ஓடும்."

யாழ்ப்பாணத்தில் புருஷன் பெண்சாதியை 'நீர்' என்பார். அது முறை. பெண்சாதி புருஷனை 'நீங்கள்' என்பாள். அதுவும் முறை. பெண்சாதி திருப்பி 'நீர்' என்று சொன்ன கதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பஞ்சலிங்கத்தின் கால் நின்றது. ரேப்பும் இழுபட்டு நின்றது.

"உது என்ன கதை? கட்டின புருஷனை நீர் எண்டோ சொல்லுறது? உப்பிடியோ நாங்கள் வளத்தனாங்கள்?" அவர் சைக்கிளை விட்டு இறங்கித் துவாயால் கழுத்தைத் துடைத்தார். "காணும். உதைக் கேக்கேலாது."

செல்வநாயகி நின்றுபோன ரெக்கோடரையே பார்த்தாள். மருமகன் இன்னும் பதில் சொல்லவில்லை. காருக்குள் இரண்டே பேர். அவன் கை நீட்டுகிறவன் என்றால் இப்போது நீட்டியிருப்பான்.

"ஏறுங்கோ. அவர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்."

"நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வேண்டாம்." அவள் எழுந்து நின்றாள். "அவன் அடிக்கிற ஆள் எண்டு கதை. எட்டு மாசமாய் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லேல்லை. என்ரை பிள்ளைக்கு இப்ப என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியவேணும். ஏறி உழக்கும்."

பஞ்சலிங்கம் அவளைப் பார்த்தபடி நின்றார். அடிக்கிறவன் என்ற சொல் அவரைத் தைத்ததா, 'ஏறுங்கோ' போய் 'உழக்கும்' ஆனது தைத்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. சைக்கிளில் ஏறினார். முதல் மிதி வழுக்கியது.

ரேப் முனகிக்கொண்டு எழும்பியது. முதலில் இரைச்சல் மட்டும். செல்வநாயகி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு மருமகனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து மெல்லத் தெளிந்தது.

"சரியப்பா, பிழை என்ரைதான். முன்னுக்குத் திருப்புறன். உமக்குப் பசி. பசி வந்தால் நீர் உப்பிடித்தான். அந்தப் புட்டுப் பெட்டியைத் திறவும்."

"திறக்கமாட்டன். முதல்லை காரைத் திருப்பும்."

"புட்டுத் தராட்டில் நேரை போய் மொஸ்கோவிலைதான் நிப்பன்."

மீனா சிரித்தாள். மூக்கால் வருகிற அந்தச் சிரிப்பைத் தாய்க்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அதை அடக்கவும் அவளுக்கு வராது, பொய்யாகச் சிரிக்கவும் வராது. செல்வநாயகி பலகையில் இருந்து அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள், எட்டு மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது.

பஞ்சலிங்கம் நிமிராமல் உழக்கினார். காருக்குள் புட்டுக்குச் சம்பல் காணாது என்று அடுத்த சண்டை தொடங்கியிருந்தது.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"விசாரிப்பம் எண்டு அண்டைக்கே சொன்னனான். கேட்டனீரோ?"

அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. அட்லஸ் சரிந்து ஒருபக்கம் தொங்கியது, அதை அவர் நிமிர்த்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உழக்கிவிட்டு, கலியாணம் முடித்த முப்பத்தொரு வருடத்தில் முதல்தடவையாக அவளிடம் உத்தரவு கேட்டார்.

"நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம்" என்றாள் செல்வநாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவையள் இன்னும் புடாபெஸ்ட் பக்கம் திரும்பேல்லை. உழக்கும்."