சரோஜம் மைனிக்கு ஒரு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைனி வீட்டில் வயிறு நிறைய உண்டுவிட்டு வந்து, அன்று சாயங்காலமே மைனியைப் பற்றிய கட்டுரையை நீக்க வேண்டும் என்று எழுதிப்போட்டார் ஸ்ரீகுமார்.

அவருக்குக் கேரளத்தில், நெய்யாற்றின்கரையில் ஆதாரம் எழுதுகிற தொழில். நிலமோ வீடோ கைமாறும்போது பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கொல்லயிலில் இருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருவார். மனைவி காலமான பிறகு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், தமிழில் உள்ள இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சேர்ந்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற களஞ்சியம். அங்கே அவர் பெயர் நெய்யாறு. எழுதுவதைவிடச் சரிபார்ப்பதில்தான் அவருக்கு ருசி. ஒரு மனிதரைப் பற்றிக் கட்டுரை வந்தால், அவரோடு தொடர்பில்லாத யாராவது, அச்சில், அவரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே இடமில்லை. முன்பத்திரம் இல்லாத நிலத்துக்கு அவர் ஆதாரம் எழுதமாட்டார். இதுவும் அவருக்கு அதுபோலத்தான்.

சரோஜம் மைனி அவருக்கு அண்ணி, அண்ணன் சிவானந்தத்தின் மனைவி. சின்ன வயதில் வாலிபால் விளையாடியவர். ஊரில் கேட்டால், "அவங்க ஸ்டேட் பிளேயராக்கும்" என்று சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணத்தோடு அவருடைய விளையாட்டு நின்றது. ஆனால் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள மைதானத்தில் வலை கட்டி, அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளை வருஷக்கணக்காக விளையாட விட்டது அவர்தான். இப்போது அதே மைதானத்தில் நவதாரா கிளப் ராத்திரி விளக்குகளோடு புது கோர்ட் போட்டிருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் திறப்பு. விளக்குகளை வாங்கிக் கொடுத்த துபாய்க்காரர், தன் அப்பா வேலாயுதனின் பெயரை வைக்கச் சொன்னார். கிளப் செயலாளர் நிஜினுக்கோ சரோஜத்தின் பெயரை வைக்க ஆசை. அவன் சரோஜத்தின் மகள் பிரசீதாவிடம் வெளிப்படையாகவே சொன்னான்.

"சேச்சி, கமிட்டியில நான் எதிர்த்துப் பேசணுமெங்கில் கையில எந்தெங்கிலும் வேணும். 'ஸ்டேட்டுக்கு களிச்சதுக்குத் தெளிவு எங்கடே?'ன்னு கேக்கியானுவ. நெட்டில ஒரு பேஜ் காட்டு, போதும். மிச்சம் நான் பாத்துக்கிடுதேன்."

அந்தத் தெளிவுக்காக, அதாவது சான்றுக்காகத்தான் பிரசீதா உட்கார்ந்து அம்மாவைப் பற்றி எழுதினாள். வீட்டுச் சுவரில் தொங்கிய குழுப் படத்தை மொபைலில் எடுத்துச் சேர்த்தாள். பன்னிரண்டு பெண்கள், நெஞ்சில் எண் மட்டும். மாநிலத்தின் பெயர் முதுகுப் பக்கம் போலும், படத்தில் இல்லை. "மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் விளையாடினார்" என்று எழுதினாள். மேற்கோள் ஒன்றும் தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு விளம்பும்போது மைனிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"புளிசேரி இன்னும் கொஞ்சம் ஒழிக்கட்டா ஸ்ரீ?" என்றவர், ஊற்றிக்கொண்டே கேட்டார். "நெட்டில ஒருக்கா பேரு வந்தாப் பின்ன அழியாதுல்லா?"

"தெளிவு இருந்தா அழியாது மைனி."

"ஓ, ஆதாரம் எழுதுகவன் வீட்டில இருக்கும்போ எனக்கு எதுக்கு பயம்!"

பிரசீதா சிரித்தாள். ஸ்ரீகுமார் தலை குனிந்து உண்டார். தான்தான் நெய்யாறு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஊரில் ஒவ்வொருத்தரும் தன் அப்பனுக்கும் மாமனுக்கும் பக்கம் கேட்டு வருவார்கள் என்று பயம்.

கட்டுரையை முந்தின நாளே பார்த்திருந்தார். சொந்தக்காரரைப் பற்றிய கட்டுரையில் தலையிடக் கூடாது என்பது களஞ்சியத்தின் முறை. ஒதுங்கியிருந்தால் போதும், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவருக்கு வேறொரு எண்ணம் ஓடியது. நாளைக்கு யாராவது கண்டுபிடித்து, 'ஊரார் கட்டுரையெல்லாம் வெட்டின நெய்யாறு தன் மைனியை மட்டும் விட்டுவிட்டார்' என்று சொன்னால்? சொந்தமென்று வந்தால் இன்னும் கடுமையாக இருப்பதுதான் நேர்மை என்று தன்னையே சம்மதிக்கவைத்தார். குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று இல்லை, நீக்கலாம் என்று எழுதினார். கீழே நெய்யாறு.

மறுநாள் பிரசீதா போன் செய்தாள்.

"சித்தப்பா, நெய்யாறுன்னு எவனோ ஒருத்தன் அம்மைக்கப் பேஜைக் களையணும்னு போட்டிருக்கான், பாத்தியளா? அவனுக்கு வேற சோலி இல்லியா? இந்தப் பக்கத்துக்காரனாத்தான் இருப்பான், பேரைப் பாருங்க. பொறாமை!"

"பொறாமையா இருக்காது மக்கா. தெளிவு கேக்கியான். நீ தெளிவைக் குடு."

"நான் எங்க போய்த் தேட? உங்களுக்குத் தெரிஞ்ச பேப்பர்காரங்க ஆராவது உண்டுமா?"

"நான் தேடிப் பாக்கேன்" என்றார்.

தேடவும் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், நூலகத்தில் பழைய மலையாளப் பத்திரிகைகளின் கட்டுகளை எடுத்துவைத்து, கட்டுரையில் பிரசீதா எழுதியிருந்த வருஷத்து விளையாட்டுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கேரள அணியின் பெயர்கள் கிடைத்தன. பன்னிரண்டு பேர். சரோஜம் இல்லை. முந்தின வருஷமும் பிந்தின வருஷமும் பார்த்தார். இல்லை. விளையாட்டுச் சங்கத்தில் இருந்த ஒரு பழைய ஆளுக்குக் கடிதமும் போட்டார். அப்படி ஒருவர் நினைவில் இல்லை என்று பதில் வந்தது.

நூலகப் படியில் இறங்கும்போது அவருக்கு மைனியை நினைத்துப் பாவமாக இருந்தது. ஏதோ ஜில்லா அளவில் விளையாடியிருப்பார்கள், ஊர்தான் அதைப் பெரிதாக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். போய்க் கேட்டால் மைனியின் முகம் வாடும். அதுவுமில்லாமல், சம்பந்தப்பட்டவர் வாயால் சொல்வதைக் களஞ்சியம் ஏற்காது. ஆகவே கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறும் போய் உண்டார். அவியல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பயனர் ஒருவர் கேட்டிருந்தார்: 'மாநில அணி என்றால் எந்த மாநிலம்? அதைக் கட்டுரை சொல்லவில்லையே.'

நெய்யாறு பதில் எழுதினார்: 'இவர் பாறசாலைப் பகுதியைச் சேர்ந்தவர். கேரள அணிப் பட்டியல்களை நேரில் பார்த்தேன். இவர் பெயர் இல்லை.'

பிரசீதாவும் வந்து எழுதினாள். 'என் அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை, இது உண்மை' என்று அவள் எழுதியதே அவளுக்கு எதிராகப் போயிற்று. சொந்த மகளே எழுதிய கட்டுரை என்று சேலத்துக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டினார். நெய்யாறு நேரிலேயே போய்ப் பார்த்திருக்கிறார், இனி என்ன இருக்கிறது என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். கட்டுரை நீங்கியது.

கிளப் கமிட்டியில் நிஜின் மொபைலை எடுத்து நீட்டினான். 'இந்தப் பக்கம் நீக்கப்பட்டது' என்று வந்தது. ஒன்றுமில்லாமல் இருந்திருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் என்ன சொல்வது? கிளப் தலைவர் ஜெயதாஸ் சிரித்துவிட்டார். "எலே நிஜினே, நெட்டுகாரனே களைஞ்சிற்றானேடே. பின்ன நம்ம என்ன செய்ய?" வேலாயுதன் நினைவு கோர்ட் என்று தீர்மானம் ஆயிற்று.

திறப்பு விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த செட்டு முண்டு உடையை மைனி மடித்துப் பெட்டிக்குள் வைத்ததை, அந்த ஞாயிறு போனபோது ஸ்ரீகுமார் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த நேரத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னார்.

"போகட்டு மைனி. கேரளா டீம்னா சும்மாவா. அதில இடம் கிட்டுகது அம்பிடு எளுப்பம் இல்ல."

மைனி பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"கேரளாவா? நான் எப்பம்டே கேரளாவுக்கு களிச்சேன்?"

"பின்ன?"

"எனக்க வீடு எங்க? இடைக்கோட்டிலல்லா! படிச்சது மார்த்தாண்டத்தில. தமிழ்நாட்டுக்காக்கும் களிச்சேன். மெட்ராஸில காம்பு. அங்கேருந்து ட்ரெயின் பிடிச்சு வடக்கே போனோம். திரும்பி வந்து மூணாம் மாசம் உங்க அண்ணன் பெண்ணு பாக்க வந்தாரு. கல்யாணத்துக்கு நீயும் வேன்ல வந்தல்லா, நிக்கரும் போட்டுட்டு. வழியெல்லாம் சத்தி எடுத்துட்டே வந்த."

பிரசீதா வாயில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா, நான் ஸ்டேட்டுன்னுதானே எழுதினேன்…"

"நானும் ஸ்டேட்டுன்னுதானே சொன்னேன். எந்த ஸ்டேட்டுன்னு ஒருத்தரும் கேக்கல்லியே."

வில்லங்கம் பார்க்க வேண்டுமானால் நிலம் கிடக்கிற எல்லைக்குட்பட்ட ஆபீசில்தான் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக ஸ்ரீகுமாரின் கை அப்படித்தான் பழகியிருந்தது. வீடு கேரளத்தில், ரேஷன் கார்டு கேரளத்தில், ஆகவே தேடியதும் கேரளத்தில். நிலம் இருந்த இடத்திலேயே கிடக்கும். பெண் அப்படிக் கிடப்பாளா? இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் பெண் எடுத்தது களியக்காவிளைக்கு அந்தப் புறம் இருந்துதான். செக்போஸ்டைத் தாண்டி அவரே வேனில் போய் அழைத்து வந்த பெண் இவர்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் எதிர்த்திசையில் நாகர்கோவில் போனார். அங்கே ஒரு நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் கட்டுகள் இருந்தன. தூசியைத் தட்டி உட்கார்ந்து, டீ குடிக்க எழுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 'தமிழக மகளிர் அணியில் இடைக்கோடு சரோஜம்.' இன்னொரு பத்திரிகையில் அதே அணியின் வேறொரு படம். அதில் பின்வரிசைப் பெண்கள் திரும்பி நின்று, முதுகிலிருந்த 'தமிழ்நாடு' என்ற எழுத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மைனிக்கு இரட்டைப் பின்னல். மூன்றாவது ஒன்றில் அவர் சர்வீஸ் போடும் விதத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தது. கலைக்களஞ்சியத்துக்கு அது தாராளமாகப் போதும். முதலிலேயே கிடைத்திருந்தால் நவதாரா கிளப்புக்கும் போதுமாக இருந்திருக்கும்.

கட்டுரையை மீட்கக் கோரி எழுதினார். காரணம் என்கிற இடத்தில், 'நீக்கப் பரிந்துரைத்தவர் தவறான மாநிலத்தில் தேடினார்' என்று எழுதிவிட்டு, அதை அழித்து, 'நான் தவறான மாநிலத்தில் தேடினேன். இவர் எனக்குச் சொந்தம். நான் இதில் தலையிட்டிருக்கவே கூடாது' என்று திருத்தினார். யாழ்ப்பாணத்துப் பயனர், 'பரவாயில்லை நெய்யாறு, திருத்திவிட்டீர்களே' என்று எழுதினார். பக்கம் திரும்பி வந்தது.

அது திரும்பி வந்த அன்று சாயங்காலம்தான் கோர்ட் திறப்பு. மைனி போகவில்லை. ஸ்ரீகுமார் மைனி வீட்டுக்குப் போனபோது பிரசீதா அம்மாவுக்கு மொபைலைக் காட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கு அப்பாலிருந்து மைக் சத்தம் கேட்டது. வேலாயுதன் பெயரை நிஜின்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியளா சித்தப்பா, அந்த நெய்யாறே திருப்பிப் போட்டுட்டான்! பழைய பேப்பரெல்லாம் எடுத்துப் போட்டிருக்கான். ஆளு நல்லவன்தான், கேட்டியளா."

மைனி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தன் பழைய படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மொபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லவன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பான்."

அந்த நேரத்தில் விளக்குகளைப் போட்டார்கள். தோட்டத்து மரங்களுக்கு நடுவே வெளிச்சம் முற்றம் வரைக்கும் வந்து விழுந்தது. கைதட்டல் கேட்டது.

"மைனி," என்றார் ஸ்ரீகுமார். "அந்த நெய்யாறு நான்தான்."

பிரசீதா மொபைலைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். களஞ்சியத்தில் அவர் எழுதியிருந்த காரணத்தைத் தேடி வாசித்தாள்: இவர் எனக்குச் சொந்தம். அவள் எழுந்து உள்ளே போனாள்.

மைனி எழுந்திருக்கவில்லை.

"களையணும்னு எழுதினதுக்குப் பின்ன எத்தற ஞாயிறு இங்க வந்து சோறு உண்ட நீ?"

ஸ்ரீகுமார் ஞாயிறுகளை எண்ணத் தொடங்கினார்.

"ஒழிக்கட்டா ஒழிக்கட்டான்னு நான் கேட்டுட்டே இருந்தேனே," என்றார் மைனி. "எனக்கு நேரா நிமிந்து ஒண்ணு கேக்கப் படாதா, ஸ்ரீ?"

கோர்ட்டில் முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். பந்து கையில் படுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. மைனி தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டாலே தெரியும். சர்வீஸ் போடியது பெண்பிள்ளதான்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "கைய மடக்கிப் போடுகா. ஆரும் சொல்லிக் குடுக்கல்ல போல."