ஓர் எழுத்துக் குறைந்த குவெண்டலின்

1

இந்தக் கதை, நான் சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் கிடைத்தது. தைப்பவளின் கணவன் தேத்தண்ணியை நீட்டியபோது, அவன் முன்கையில் பச்சை குத்திய எழுத்துகளைப் பார்த்தேன்: குவெண்டலி. மனைவியின் பெயரோ குவெண்டலின். கடைசி ‘ன்’ எங்கே என்று கேட்டேன். சட்டை தைத்து வந்துவிட்டது. கதைதான் இன்னும் முடியவில்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரிலும் ஓர் எழுத்தைக் குறைத்துவிட்டேன், நியாயம் வேண்டுமே.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “வாவியின் மீது மாலைச் சூரியன் தன் பொன்…” வேண்டாம். வாவி எங்கேயும் போகாது. சிறைக்குப் போனது அந்தக் கணவன், கிளரன்ஸ்.

2

சுனாமி, கடலோர டச்பாரில் இருந்த அவர்களுடைய வீட்டை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம், நிவாரணத்துக்கு வந்த கூரைத் தகரங்களில் பதினான்கைக் கிளரன்ஸ் விற்றுவிட்டான். [அவன்மேல் உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று பசித்த குழந்தை ஒன்றைச் சேர்க்கப் பார்த்தேன். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. விற்றான், அவ்வளவுதான்.] மூன்று வருடம் உள்ளே.

உள்ளே ஒரு பிளேட்டை இரண்டாக முறித்து ஐந்து பேர் முகம் வழித்தார்கள். வினாயகமூர்த்தி என்ற கைதி, பழைய ரேடியோ மோட்டரில் தையல் ஊசியைக் கட்டி, பேனை மையால் பச்சை குத்துவான். அன்று ஒரே ஊசிக்கு மூன்று பேர், கிளரன்ஸ் மூன்றாமவன். ‘லி’ முடிந்த நேரம் காவலர் வந்துவிட்டார். ஊசி ஒளிந்துகொண்டது, ‘ன்’னும் அதோடு போனது.

3

அவன் வெளியே வந்து ஒரு வருடமானது. நாட்டில் சண்டையும் முடிந்தது. சேர்ச்சில் இரத்ததானம் வைத்தார்கள். படிவத்தில் ‘பச்சை குத்தியதுண்டா?’ என்று இருந்தது. நீளக்கைச் சட்டையின் தைரியத்தில் இல்லை என்று எழுதினான். சிறையைப் பற்றிய கேள்விக்கும் இல்லை. இரத்தத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

ஹெபடைட்டிஸ் சி என்றார் டாக்டர். ஈரலைப் பிடிக்கும் கிருமி, இரத்தத்தால் தொற்றும். ஊசியைப் பற்றிக் கேட்டார், பிளேட்டைப் பற்றிக் கேட்டார். ஒரே கோப்பையில் குடிக்கலாம், பிளேட்டும் பல் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார். மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்.

கிளரன்ஸ் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கண்ணைப் பார்த்தான். மஞ்சள் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று தீர்மானித்தான்.*

*தப்பான தீர்மானம். இது வருடக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கும் நோய்.

தீர்மானித்தவன் தாடி வளர்ப்பானேன்? அவன் வழித்துப் போட்ட பிளேட்டுகளை முறித்துத்தான் குவெண்டலின் தையல் பிரிப்பாள். அடிக்கடி விரலையும் வெட்டிக்கொள்வாள். அவள் இன்னும் எடுக்காத பழைய பிளேட்டுகளை மண்ணில் புதைத்தான். அவளுடைய தையல் பெட்டியைத் தொடத்தான் பயம். தொட்டால் ஏன் என்பாள்.

4

“தாடி ஒங்களுக்கு வடிவென்டு ஆரு சொன்ன?” என்றாள், அவன் டாக்டரைப் பார்த்து இரண்டு வாரம் கழித்து. பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததற்குப் போனாள். “கலியாண நாளைக்கு எனக்குச் சாறி வேணாம். டவுன்ல ஒருத்தன் பச்ச குத்துறானாம். என்ட பேர முடிச்சிட்டு வாங்க.”

இந்த இடத்தில் ஊசிக்குப் பயம் என்று அவனைச் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவளும் சிரித்தாள். பிறகு வெட்டிவிட்டேன். அவனுக்கு முன் இரண்டு பேர் அந்த ஊசியில் இருந்தார்கள். டவுன் ஊசியில் அவனுக்குப் பின்னால் யாரோ இருப்பார்கள்.

“அந்த எழுத்து வேணாம், குவெண்டி. என்ட ரத்தம் பட்ட ஊசி இன்னொருத்தன்ல ஏறக் கூடா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் பெட்டியைத் திறந்தாள். அரை பிளேட்டுகள் அடியில் கிடந்தன. விரல் நுனிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு வருசமா இதாலதான் தையல் பிரிச்ச நான். ரெண்டு கிழமையா நீங்க பாத்துக்கிட்டே இருந்த, என்ன?”



மறுநாள் அவள் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனாள். அவன் பத்தடி பின்னால் நடந்தான்.

5

முடிவு ஒன்று: அவளுக்கு ஒன்றுமில்லை, இருவரும் கல்லடிப் பாலத்தில்… மிகவும் இனிப்பு.

முடிவு இரண்டு: அவளுக்கும்… இதை எழுதக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. சோதனை முடிவு வந்த உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பேனையை எடுத்து ‘லி’க்குப் பக்கத்தில் ‘ன்’ எழுதினாள்.

“குளிச்சாப் போயிரும்,” என்றான்.

“போனா திருப்பி எழுதுவன். ஊசி வேணாம்தானே.”

உறைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. பேனை இனி உங்களிடம். மிச்சத்தை எழுதுங்கள். நான் நிறுத்தும் இடம் இது: உறையைக் கிழித்து, தாளை விரித்து, முதலில் வாசித்தவள் குவெண்டலி