லைலாக் நின்ற மேடு

"அந்தப் புதரப் பிடுங்கினப்ப ஒரு ஆணிகூடவா கிடைக்கல? துருப்பிடிச்ச ஆணி, கண்ணாடிச் சில்லு, உடைஞ்ச தட்டு, எதுவுமேவா?"

"நாப்பது வருஷத்துக் கதைய இப்ப வந்து கேட்டா? காலையில என்ன தின்னேன்னு கேளு, அதுக்கே எனக்குப் பதில் தெரியாது."

"முட்டை தின்ன. சட்டையில ஒட்டியிருக்கு பாரு," என்றாள் மனைவி ஆர்டித், காபிக் குடுவையை அடுப்பில் திரும்ப வைத்தபடி.

வெர்லின் மிக்கல்சன் குனிந்து சட்டையைப் பார்த்தார். மஞ்சள் கறை இருந்தது. நோரீன் சிரித்தாள். சிரித்தாளே தவிர, கேட்டதை விடுவதாக இல்லை.

நோரீன் அவருடைய அத்தை மகள். ஓரிகனில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்போதிலிருந்து குடும்பத்தின் வேரைத் தோண்டுவதே வேலையாகிவிட்டது அவளுக்கு. இந்த முறை நெப்ராஸ்காவுக்குத் தன்னந்தனியாகக் கார் ஓட்டி வந்து இறங்கியிருந்தாள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது வெர்லின் கேலி செய்தார்.

"நம்ம வம்சத்துல ராஜா, பிரபுன்னு எவனாச்சும் அகப்பட்டானா?"

"குதிரைத் திருடன்கூட இல்லப்பா. டென்மார்க்குலயும் பன்னி வளத்தாங்க, இங்க வந்தும் பன்னிதான்."

ஆனால் அவள் இவ்வளவு தூரம் வந்தது ஒரே ஒரு ஆளுக்காக. மாரென். கொள்ளுத்தாத்தா ராஸ்முஸின் முதல் மனைவி.

அப்படி ஒருத்தி இருந்ததே வெர்லினுக்குப் புதுச் செய்தி. தேவாலயத்து இடுகாட்டில் ராஸ்முஸுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவள் ஜொஹானா. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அவர் பூ வைத்தது அவளுக்குத்தான், கொள்ளுப்பாட்டி என்று நினைத்துக்கொண்டு. நோரீன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். ஜொஹானா கப்பல் ஏறுவதற்கு முன்பே தாத்தா சோரன் பிறந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். அவரைப் பெற்றுப் போட்ட கையோடு மாரென் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அப்போது இந்தப் பக்கம் தேவாலயமும் இல்லை, இடுகாடும் இல்லை.

"அம்மா கடைசிக் காலத்துல சொன்னா. ஓடையில வெள்ளம் வந்தா எட்டாதபடிக்கு அவள மேட்டுல புதைச்சாங்களாம். கல்லு கிடைக்காத ஊரு. மரச்சிலுவை நட்டா காட்டுத்தீ வந்து தின்னுட்டுப் போயிடும். அதனால ஏதோ பூச்செடி நட்டாங்களாம். என்ன செடின்னு அம்மாவுக்குத் தெரியல."

அதற்குத்தான் வெர்லின், காபியை உறிஞ்சிக்கொண்டே, யோசிக்காமல் வாயைத் திறந்திருந்தார். மேட்டில் ஒரு லைலாக் புதர் இருந்தது, பழைய வீட்டு வாசலில் வைத்த செடி, நான்தான் பிடுங்கினேன் என்று. ஊதாப் பூ பூக்கும் லைலாக்கை வீட்டு வாசலில் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம்; அதனால் வயல் நடுவே அது தனியாக நின்றால் யாரும் இரண்டாவது முறை யோசிப்பதில்லை. யாரோ குடியிருந்த இடம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"வீடு ஓடைக்கரையில இருந்துச்சுன்னுதான் அம்மா சொன்னா," என்றாள் நோரீன். "மேட்டுலயும் ஒரு வீடு இருந்திருந்தா ஆணியாவது கிடைச்சிருக்கும் இல்லையா? அதான் கேக்குறேன்."

வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னது பொய். அந்த நாளின் ஒவ்வொரு துண்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அவருடைய அப்பா ஹோல்கர் அந்தப் புதரை ஒருநாளும் தொட்டதில்லை. நேராக வந்த டிராக்டரை மேட்டருகே லேசாக ஒடித்து, புதரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராக்குவார். பயிர் முளைத்ததும் அந்த வளைவு சாலையிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஊரே காரை மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்தவன் வயல் வரிசையைப் பார்க்கப் போகும். யாருடையது நேர், யாருடையது கோணல் என்று அடுத்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். "ஹோல்கர் விதைக்கும்போது பீர் குடிக்கிறாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இளவட்டமாக இருந்த வெர்லினுக்கு முகம் சுண்டிப்போகும்.

"எதுக்குப்பா சுத்துற?" என்று ஒருமுறை கேட்டார்.

"எங்கப்பா சுத்துனாரு. நானும் சுத்துறேன்."

சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார்.

பிறகு கிணறு வெட்டி, சக்கரத்தில் உருண்டு வட்டமடித்து நீர் தெளிக்கும் நீளக் குழாய் வந்தது. அதன் சக்கரம் சரியாக அந்த மேட்டின் மேல் ஏற வேண்டும். அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. வெர்லின் சங்கிலியைக் கட்டி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் புதர் வேரோடு வந்தது. டயரைக் கிழிக்கிற மாதிரி ஏதாவது கிடக்கிறதா என்று இறங்கி மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். கறுப்பு மண். ஒரு சில்லுகூட இல்லாத சுத்தமான மண். நல்லதாகப் போயிற்று என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். மறு வசந்தத்தில் அங்கங்கே துளிர் எட்டிப் பார்த்தது. அதற்கும் மருந்தடித்தார். சமன்படுத்தும் இயந்திரத்தை வைத்து மேட்டின் தலையையும் கொஞ்சம் சீவினார்.

அப்பா வீடு திரும்பி இதே ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெகு நேரம் வெளியே பார்த்தார்.

"வேலையெல்லாம் முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சுப்பா."

"சரி."

அவ்வளவுதான். இடுப்பு தேறிய பிறகு மற்ற வயல்களிலெல்லாம் டிராக்டர் ஓட்டினார். அந்த வயலில் மட்டும் ஏறவே இல்லை. மேட்டில் குலுங்கினால் வலிக்கும்போல என்று வெர்லின் நினைத்துக்கொண்டார்.

"வெர்ன்," என்றாள் ஆர்டித். "அவ கேட்டுக்கிட்டு இருக்கா."

"கிடைக்கல," என்றார் வெர்லின். "ஆணி இல்ல. கண்ணாடி இல்ல. ஒண்ணுமே இல்ல. அங்க வீடு இருந்ததில்ல, நோரீன்."

நோரீன் மேசையில் பரப்பியிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கு யாரும் சொல்லலையே. நீ என்ன பண்ணுவ?"

"சொல்லல. ஆனா சுத்தித்தான் போனாங்க. தாத்தா சுத்துனாரு, அப்பா சுத்துனாரு. சின்ன வயசுலேர்ந்து நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஆர்டித் அவருடைய தோளில் கையை வைத்தாள்.

"இடத்தையாவது காட்டு," என்றாள் நோரீன். "அங்க கொஞ்ச நேரம் நின்னா போதும் எனக்கு. அவ பேர ஒருத்தராச்சும் அங்க நின்னு சொல்லணும்."

வயல் பக்கமிருந்து இயந்திர இரைச்சல் கேட்டது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கர்ட்டிஸ் ஹ்ருஸ்கா மக்காச்சோளம் விதைக்க இறங்கிவிட்டான். வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவரும் நோரீனும் வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். உழுத மண் காலடியில் புதைந்தது. பாதி வயலுக்குப் போனதும் வெர்லின் நின்றார். பத்தடி தள்ளிப் போனார். திரும்பி வந்தார். முன்பெல்லாம் களஞ்சியக் கூரையின் முனையையும் ரயிலடித் தானியக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்தால் புதர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கோபுரத்தை இடித்துப் பல வருடமாகிறது. மேட்டையும் அவரே சீவிவிட்டார். எங்கே பார்த்தாலும் ஒரே கறுப்பு, ஒரே மட்டம்.

"இங்கதான்," என்றார். "இல்ல. கொஞ்சம் மேற்கால."

நோரீன் மேற்கே நகர்ந்து நின்றாள்.

"இல்ல... நீ முதல்ல நின்ன இடமாவும் இருக்கலாம்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் போய் நின்றாள். "மாரென்," என்றாள். மண்ணைப் பார்த்துச் சொல்வதா, முன்னால் பார்த்துச் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காற்று பலமாக அடித்ததில் வெர்லினுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

விதைப்பு இயந்திரம் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அகலமாக, இறக்கை விரித்த மாதிரி. வெர்லின் நடுவே போய் இரண்டு கையையும் தூக்கினார். இயந்திரம் உறுமி நின்றது. கர்ட்டிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன வெர்ன், என் வரிசைய அளக்க வந்தீங்களா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

வெர்லின் இயந்திரத்தின் பக்கம் நடந்தார்.

"கவலையே படாதீங்க. ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல நான். சாட்டிலைட்தான் ஓட்டுது. நீங்க போட்டதவிட நேரா இருக்கும், பந்தயமா?"

"தெரியும்," என்றார் வெர்லின். ஏணிப்படியில் ஒரு காலை வைத்து ஏறினார். கைப்பிடிக் கம்பி என்ஜின் அதிர்வில் நடுங்கியது. பின்னால் நோரீன் வெறுங்காலோடு அதே இடத்தில் நின்றாள். அந்த இடம் சரியோ தப்போ, இனி சொல்ல யாருமில்லை.

"கர்ட்டிஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் வரிசை கெட்டுப் போகும், எனக்குத் தெரியும். ரோட்டுலேர்ந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும். ஊர்ல சிரிப்பானுங்க." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்தம்மா நிக்கிறாங்க பாரு, அவங்களச் சுத்தி, மேடு இருந்த இடம் பூராவும்... இத மட்டும் விட்டுட்டு, கொஞ்சம் சுத்திப் போறியாப்பா?"