பழைய ஆயிலைத் தொடாதே

நானும் மச்சினனும் மாறிமாறி ஓட்டும் லாரி ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஒரு மாதமாக மூன்றாவது கியர் தானாக நழுவுகிறது. கியர் ஆயிலை மாற்றலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அவன் குறுக்கே விழுவான்.

“பழைய ஆயிலைத் தொடாதீங்க மாமா. வயசான வண்டிக்குப் புது ஆயில் ஒத்துக்காது, கியர் நழுவும்.”

“இப்பவே நழுவுதேடா.”

“அதான் சொல்றேன், தொடாதீங்க.”

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. “என் தம்பி சொன்னா காரணம் இருக்கும்” என்று என் மனைவி வேறு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தாள்.

பொறுமை போய், இன்று அவனையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் அடித்திருகைக் கழற்றினார். தாராகக் கருத்து வரும் என்று பார்த்தால், தேனாகத் தெளிந்து ஒழுகியது.

“இது புது ஆயிலாச்சே. இப்பதான் யாரோ மாத்தியிருக்காங்க.”

மச்சினன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீதானா?”

“போன மாசம் மாத்தினேன் மாமா.”

“அப்புறம் எதுக்குடா மாத்தாதே மாத்தாதேன்னு என் உயிரை எடுத்தே?”

“மாத்தின அன்னைலேருந்துதானே மாமா நழுவுது.”